இரண்டாம் பாதியின் விலை

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை. ஆவடியிலிருந்து மூர் மார்க்கெட் போகும் மின்சார ரயிலில் கதவோரம் நின்று கைபேசியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னனூரில் ஏறிய, எங்களோடு கூடைப்பந்து ஆடும் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, "ண்ணா, லீட் எவ்ளோ?" என்றான்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதிப் போட்டியில் முதல் ஆட்டம். அமெரிக்காவில் வியாழன் இரவு எட்டரை. நமக்கு வெள்ளி காலை ஆறு. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் இண்டியானா பேசர்ஸ் அணியும் மோதின. ஹாஃப் டைமில் தண்டர் 57, பேசர்ஸ் 45. பேசர்ஸ் முதல் பாதியில் மட்டும் 19 முறை பந்தைப் பறிகொடுத்திருந்தது. அப்படி ஆடிய அணி 12 புள்ளியில்தான் பின்தங்கி நின்றது என்பதே ஆச்சரியம்.

"செகண்ட் ஹாஃப் பேசர்ஸ்தான்னு எடுத்துருக்கேன்ணா. நாலரைக்கு. ஆயிரம்."

அவன் சொன்னதைப் புரியும்படி சொல்கிறேன். மொத்த ஆட்டத்தை யார் ஜெயிப்பார்கள் என்பது அவன் எடுத்த கேள்வி இல்லை. இரண்டாம் பாதியை மட்டும் தனியே வைத்துப் பார்த்தால், அந்த 24 நிமிடத்தில் எந்த அணி அதிகப் புள்ளி போடும் என்பதுதான். அவன் கைபேசியில் இருந்த ஒரு செயலியில் 'பேசர்ஸ்' என்ற விடை நாலரை ரூபாய்க்குக் கிடைத்தது. விடை சரியானால் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய், தவறானால் ஒன்றுமில்லை. ஆயிரம் எடுத்திருக்கிறான் என்றால் 4,500 ரூபாய்.

ஏன் பேசர்ஸ் என்று கேட்டேன். "இவ்ளோ தப்பை எந்த டீமும் ரெண்டு ஹாஃப்லயும் பண்ணாதுண்ணா. கோச் உள்ள கூட்டிட்டுப் போய் அத மட்டும்தான் பேசியிருப்பாரு. பந்து கையில நின்னாலே போதும், ஷாட் விழும்" என்றான். கூடைப்பந்து தெரிந்தவன் பேச்சு அது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திருமுல்லைவாயில் தாண்டும்போது நான்காவது குவார்ட்டரில் தண்டரின் முன்னிலை 15 ஆனது. பத்து நிமிடம்கூட மிச்சமில்லை. அவன் கட்டைவிரல் திரையில் ஏறியது, இறங்கியது. நாலரைக்கு வாங்கியது இரண்டரைக்கு வந்துவிட்டது. அம்பத்தூர் வருவதற்குள் விற்றுவிட்டான். 2,000 ரூபாய் போயிற்று. "மிச்சமாவது கெடச்சுதே" என்று சொல்லிவிட்டுப் பட்டரவாக்கத்தில் இறங்கினான். எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர், ஷிஃப்ட் ஏறும்போது கைபேசி லாக்கருக்குள் போய்விடும்.

அதன் பிறகு நடந்ததைக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ரயில் வியாசர்பாடி ஜீவா பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தபோது பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதித்து எறிந்த பந்து வளையத்தில் விழுந்தது. கடிகாரத்தில் மிச்சம் 0.3 விநாடி. பேசர்ஸ் 111, தண்டர் 110. அந்த ஆட்டம் முழுவதிலும் பேசர்ஸ் முன்னிலையில் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும். இரண்டாம் பாதிக் கணக்கு: பேசர்ஸ் 66, தண்டர் 53.

தம்பி சொன்னது சொன்னபடி நடந்தது. அவன் 2,000 ரூபாய் தோற்றிருந்தான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் அவன்தான் இளையவன். அம்பத்தூர் பக்கம் ஒரு சிமெண்ட் கோர்ட்டில் காலை ஆறு மணிக்குக் கூடுவோம். ஆவடியிலிருந்து படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்புப் பையன்கள் சிலர், பூந்தமல்லியிலிருந்து ஒரு கிடங்கு மேற்பார்வையாளர், என்னைப் போல முழங்காலில் பட்டை கட்டி ஆடும் நாற்பதுகாரர்கள் சிலர். சென்னையில் கூடைப்பந்து என்றால் நாங்கள் சின்ன வயதில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணிகளின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த அணிகளில் இடம் கிடைத்தால் வேலை கிடைக்கும் என்று ஆடிய தலைமுறையும் எங்களில் உண்டு. தம்பி அதற்குப் பிந்தியவன். என்.பி.ஏ. பார்த்தே ஆட்டம் படித்தவன். எதிரணி எந்தப் பக்கம் கட் அடிக்கப்போகிறது என்பதைப் பந்து வருவதற்கு முன்பே கத்திச் சொல்வான். பெரும்பாலும் அவன் சொல்வதே நடக்கும்.

அப்படிப்பட்டவன் எப்படித் தோற்றான் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். 'சூதாட்டம் கெட்டது' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் இவனைப் போன்ற பையன்கள் காதில் அது ஏறாது. "நான் சும்மா அதிர்ஷ்டத்துல ஆடல, ஆட்டம் தெரிஞ்சு ஆடறேன்" என்பார்கள். அது பொய்யும் இல்லை.

இந்த மாதிரிச் சந்தைகளின் மூலக்கருத்து மோசமானதல்ல. ஒரு நிகழ்வைப் பற்றிப் பல பேரிடம் துண்டு துண்டாகச் செய்தி இருக்கிறது; அவர்கள் வாங்கி விற்கும்போது அந்தச் செய்தியெல்லாம் ஒரே விலையாகத் திரளுகிறது. விலைகளைப் பற்றிப் பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் அது. 1988இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் அதிபர் தேர்தலை வைத்து இதை ஆய்வாகவே தொடங்கியது. ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது என்று கட்டுப்பாடும் வைத்தது. கருத்துக்கணிப்புகளோடு ஒப்பிட்டால் அந்த விலைகள் பல தேர்தல்களில் நன்றாகவே கணித்தன.

அங்கிருந்து இது வணிகமாக மாறியது. கல்ஷி என்ற அமெரிக்க நிறுவனம் 2025 ஜனவரியில் விளையாட்டுப் போட்டிகளுக்குள் நுழைந்தது. 'இது பந்தயம் இல்லை, நிதி ஒப்பந்தம்' என்று அது சொல்ல, நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலாந்து போன்ற மாநிலங்கள் 'இது பந்தயமேதான்' என்று சொல்ல, வழக்குகள் நடக்கின்றன. இந்தியாவில் இதற்கு 'ஒப்பீனியன் டிரேடிங்' என்று பெயர் வைத்தார்கள். 2019இல் தொடங்கப்பட்ட குருகிராம் நிறுவனமான ப்ரோபோதான் இதில் பெரியதாக இருந்தது. ஆம், இல்லை என்று இரண்டு விடை. இரண்டின் விலையும் சேர்ந்தால் 10 ரூபாய். 'ஆம்' ஆறு ரூபாய் என்றால் 'இல்லை' நான்கு. கிரிக்கெட் ஓவரிலிருந்து பிட்காயின் விலை வரை எதையும் கேள்வியாக்கினார்கள். பங்குச் சந்தையின் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். வாங்கு, வில், டிரேட், போர்ட்ஃபோலியோ. 2025 ஏப்ரல் 29 அன்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: இந்தத் தளங்கள் தன் கண்காணிப்பில் வருபவை அல்ல, இங்கே முதலீட்டாளருக்கான எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று. அம்பத்தூரில் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன் செபியின் அறிக்கையைப் படிப்பானா?

அந்த ஜூன் காலைக்கு முன்பு தம்பி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான். மெஷினில் ஓட்டிய பீஸ் கணக்கு எழுதும் அதே மாதிரி நீள நோட்டு. என்ன ஆட்டம், ஹாஃப் டைம் ஸ்கோர், என்ன எடுத்தான், என்ன விலை, என்ன ஆயிற்று. முதல் 40 ஆட்டத்தை இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். ஒவ்வொரு முறையும் 100 எடுத்திருக்கிறான். சராசரி விலை 7 ரூபாய். 40இல் 27 சரி.

27 சரி என்றால் நூற்றுக்கு 67. எந்தப் பரீட்சையிலும் முதல் வகுப்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். சரியான 27 முறையும் கிடைத்த லாபம் முந்நூறு முந்நூறாக 8,100 ரூபாய். தவறிய 13 முறையும் போனது எழுநூறு எழுநூறாக 9,100. ஆயிரம் ரூபாய் நஷ்டம். அதற்கு மேல், ஜெயித்த பணத்திலிருந்து செயலி பிடித்த கமிஷன் 810 ரூபாய்.

அவன் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "27 கரெக்ட்டுண்ணா" என்று மறுபடி சொன்னான்.

7 ரூபாய் விலை என்றால் '100க்கு 70 முறை இது நடக்கும்' என்று சந்தை ஏற்கெனவே சொல்லிவிட்டது என்று பொருள். வாங்குபவன் 70 முறை சரியாகச் சொன்னால் போட்ட பணம் திரும்பும், அவ்வளவுதான். கமிஷனையும் சேர்த்தால் 40க்கு 29 முறை சரியாக இருந்தால்தான் கையில் நூறு ரூபாயாவது மிஞ்சும். ஆட்டத்தைச் சரியாகக் கணிப்பது ஒரு வேலை. விலையை விடச் சரியாகக் கணிப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையில் தம்பி கெட்டிக்காரன். இரண்டாவது வேலையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யாரென்றுகூட அவனுக்குத் தெரியாது. கணினி நிரல் வைத்திருப்பவனாக இருக்கலாம். கோர்ட்டுக்குப் பக்கத்திலிருந்து நேரடியாகத் தகவல் பெறுபவனாக இருக்கலாம்.

அப்படித் தகவல் முந்திப் போகும் நேர இடைவெளியை நானே கண்ணால் பார்த்தேன். ரயிலில் என் திரையில் பந்து இன்னும் ஆட்டக்காரரின் கையில் இருக்கும். அவன் செயலியில் விலை குதித்துவிடும். பந்து விழுந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியும் முன்பே யாருக்கோ தெரிந்து, அவர் வாங்கியும் முடித்திருக்கிறார். இணையத்தில் வரும் ஒளிபரப்பு நிஜ ஆட்டத்துக்குப் பல விநாடி பின்னால்தான் ஓடும். 24 விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டிய ஒரு விளையாட்டில் அது எவ்வளவு பெரிய இடைவெளி!

ஹாஃப் டைம் என்பது இந்தச் செயலிகளுக்குக் கிடைத்த வரம். 15 நிமிடம் ஆட்டம் நிற்கிறது. பார்ப்பவனுக்கு வேறு வேலை இல்லை, மனசு முழுக்க ஆட்டம். பாதி பார்த்துவிட்டதால் 'இவர்கள் இன்று எப்படி ஆடுகிறார்கள்' என்பது தெரிந்துவிட்டது என்ற நிச்சயம் வருகிறது. உண்மையில் எவ்வளவு தெரிந்துவிடுகிறது?

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1994இல் ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 493 என்.பி.ஏ. ஆட்டங்களை எடுத்து, புள்ளி வித்தியாசம் எப்படி நகர்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். காற்றில் மிதக்கும் தூசு போல அங்குமிங்கும் அலையும் பாதைக்கு இயற்பியலில் ஒரு கணக்கு உண்டு; அதே கணக்கு கூடைப்பந்துக்கும் ஏறக்குறையப் பொருந்தியது. முழு ஆட்டத்தில் இறுதி வித்தியாசத்தின் ஊசலாட்டம் சுமார் 16 புள்ளி. பாதி ஆட்டம் முடிந்தால் ஊசலாட்டமும் பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி ஆவதில்லை. பத்தில் ஏழு பங்கு மிஞ்சுகிறது; சுமார் 11 புள்ளி. சமபலமுள்ள இரண்டு அணிகளில் ஒன்று ஹாஃப் டைமில் 5 புள்ளி முன்னால் இருந்தால், கணக்குப்படி அது ஜெயிப்பது 100க்கு 67 முறை. 10 புள்ளி முன்னால் இருந்தால் 81 முறை. அதாவது 'ஆட்டம் முடிந்துவிட்டது' என்று நாம் எழுந்து பல் தேய்க்கப் போகும் ஆட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கவிழ்கிறது.

1996 நவம்பர் 27 அன்று டென்வர் நகெட்ஸ் ஹாஃப் டைமில் 70-36 என்று யூட்டா ஜாஸைப் புரட்டிப் போட்டிருந்தது. 34 புள்ளி. யூட்டா 107-103 என்று ஜெயித்தது. நான் இதைத் தம்பியிடம் சொன்னதும் தவறாகப் போயிற்று. அவன் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்தங்கிய அணியை மலிவாக வாங்கலாம் என்று எடுத்துக்கொண்டான்.

அதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வையும் எங்கிருந்தோ பிடித்து வந்தான். 2011இல் ஜோனா பெர்கர், டெவின் போப் என்ற இருவர், 18,000க்கு மேற்பட்ட என்.பி.ஏ. ஆட்டங்களை வைத்து, ஹாஃப் டைமில் ஒரே ஒரு புள்ளி பின்தங்கிய அணி முன்னிலை பெற்ற அணியை விட அதிக முறை ஜெயிக்கிறது என்று காட்டினார்கள். தோற்கப்போகிறோம் என்ற உறுத்தல் கூடுதல் உழைப்பைக் கொண்டுவருகிறது என்பது அவர்கள் விளக்கம். கேட்க அழகாக இருந்தது, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு வேறு ஆய்வாளர்கள் பிற விளையாட்டுகளையும் பிற ஆண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த விளைவு நிலைக்கவில்லை. தம்பி பார்த்த யூடியூப் காணொளியில் இந்த இரண்டாம் பகுதி இல்லை.

இப்படியாக நோட்டில் எழுதுவது நின்றது. 100 என்பது 500 ஆயிற்று, 1,000 ஆயிற்று. ஆட்டத்தின் நடுவிலேயே வாங்கி விற்பது தொடங்கியது. ஜூன் 6 அன்று நான் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான். நடுவில் விற்று வெளியேறும் வசதியைப் பாதுகாப்பு என்று அந்தச் செயலி விளம்பரம் செய்தது. அவன் விஷயத்தில் நடந்தது என்ன? சரியான கணிப்பைப் பயத்தில் மலிவாக விற்றான். ஹாஃப் டைமில் நிதானமாக யோசித்து எடுத்த முடிவை, ரயில் நெரிசலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாற்றினான். நன்றாக ஆட்டம் தெரிந்த மனிதனை ஆட்டம் தெரியாதவனைப் போல நடக்க வைக்கும் பொத்தான் அது.

ஜூலையில் அவன் அம்மா எனக்கு ஃபோன் செய்தார். "தம்பி, உங்க கூடத்தானே பால் விளையாட வர்றான், அவன்கிட்ட ஏதாச்சும் கேட்டுச் சொல்றீங்களா?" சீட்டு எடுத்த பணம் 38,000. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டில் வைத்திருந்தது. அதை வங்கியில் போடச் சொல்லி இவன் கையில் கொடுத்திருக்கிறார். வங்கியில் போட்டான். அங்கிருந்து யு.பி.ஐ. வழியாக அது மூன்று வாரத்தில் கரைந்துவிட்டது.

அன்று மாலை அன்னனூர் நிலையத்தின் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். நான் திட்டவில்லை. அவன் அழுதான். கடைசி வரை அவன் சொன்னது ஒன்றுதான்: "நான் தப்பா சொல்லலண்ணா. மேட்ச் கரெக்ட்டாதான் ரீட் பண்ணேன்." அந்தச் செயலியின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த வகையில் எதை எடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

தம்பி சொன்ன அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டேதான் நான் சட்டம் பக்கம் போய்ப் படித்தேன். நம் நாட்டில் சூதாட்ட வழக்குகள் பல பத்தாண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கின்றன: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்றது. கிண்டிப் பந்தயத்தை நிறுத்தத் தமிழ்நாடு எடுத்த முயற்சி அதில் அடிபட்டது. இணைய ரம்மிக்காரர்கள் அதே தூணைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பீனியன் டிரேடிங்காரர்களும் அதையேதான் பிடித்தார்கள்.

தமிழ்நாடு இதில் நீண்ட போராட்டம் நடத்தியிருக்கிறது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த காலம் நினைவிருக்கும். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த ஆண்டே சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் அல்ல என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டுக்குத் தடை, ஆதார் சரிபார்ப்பு என்று விதிகள் வந்தன. அவற்றை ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் ஏற்றது. தம்பியின் ஆட்டம் காலை ஆறு மணிக்குத்தானே.

பிறகு 2025 ஆகஸ்ட். 20ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அரசு தன் மதிப்பீட்டைச் சொன்னது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. மீறி நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ப்ரோபோ உடனே பண ஆட்டத்தை நிறுத்தியது. ட்ரீம் 11 நிறுத்தியது. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை உண்டு.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். அவ்வளவு அவசரமாக, விவாதமே இல்லாமல் நிறைவேற்றியதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் 'திறமையா அதிர்ஷ்டமா' என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்தது சரி என்று உறுதியாக நினைக்கிறேன். தம்பியிடம் திறமை இருந்தது. நோட்டே சாட்சி. அந்தத் திறமை அவனைக் காப்பாற்றவில்லை, உள்ளே இழுத்தது. திறமை இல்லாதவன் நான்கு முறை தோற்றதும் விட்டிருப்பான். இவன் நூறு முறை தோற்ற பிறகும் அடுத்த ஆட்டத்தைச் சரியாகச் சொல்வான் என்று நம்பினான், சொல்லவும் செய்தான்.

திறமையை வைத்து வாதிடுபவர்கள் செபியின் இன்னொரு கணக்கையும் பார்க்கட்டும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கண்காணிப்பும் விதியும் உள்ள சந்தையிலேயே கதை அது.

விளையாட்டுக்கும் இது நல்லதல்ல. 2024 ஏப்ரலில் என்.பி.ஏ. ஜோன்டே போர்ட்டர் என்ற ஆட்டக்காரரை வாழ்நாள் முழுக்கத் தடை செய்தது. தன் உடல்நிலை பற்றிப் பந்தயக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, ஓர் ஆட்டத்தில் பாதியில் வெளியேறியவர் அவர். முழு ஆட்டத்தை விற்க ஓர் அணியே சேர வேண்டும். ஒரு பாதியை, ஒரு குவார்ட்டரை, ஒருவரின் புள்ளிக் கணக்கை விற்க ஒரே ஒருவர் போதும். கேள்வி எவ்வளவு சின்னதாகிறதோ அவ்வளவு எளிதாக அதைக் கெடுத்துவிடலாம்.

தடைக்குப் பிறகு எல்லாம் முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். செப்டம்பரிலேயே தம்பியின் வாட்ஸ்அப்புக்கு பந்தயம் ஆட 'ஐடி' தருகிறோம் என்று செய்தி வந்தது. டெலிகிராமில் கிரிப்டோ வழியாக ஆடலாம் என்று இன்னொன்று. அவன் எனக்கு அனுப்பிக் காட்டினான், இருவரும் சேர்ந்து அந்த எண்களைத் தடுத்தோம். அங்கே பணம் போட்டு ஜெயித்தாலும் தரமாட்டேன் என்றால் கேட்க நாதியில்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது.

சீட்டுப் பணத்தை ஓவர்டைம் பார்த்து அடைத்துக்கொண்டிருக்கிறான். தங்கையின் முதல் தவணையை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு பகிர்ந்து கட்டியது. அந்த இறுதிப் போட்டியின் மிச்ச ஆட்டங்களை அப்போது அவனால் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. ஏழாவது ஆட்டம் வரை போய்த் தண்டர் கோப்பையை வென்றது. அந்தக் கடைசி ஆட்டத்தில்தான் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநார் அறுந்து கீழே விழுந்தார். அத்தனையும் நடந்தபோது அவன் கண் விலையின் மேல் இருந்திருக்கிறது. தீபாவளி விடுமுறையில் என் வீட்டுக்கு வந்து முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை மறுபடி போடச் சொன்னான். முழுதாகப் பார்த்தான். ஹாலிபர்ட்டனின் கடைசி ஷாட்டுக்கு முன்னால் நிறுத்தி, தடுப்பவர் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறார் என்று எனக்குக் காட்டினான். நான் அதைக் கவனித்ததே இல்லை.

உங்கள் வீட்டிலோ லைனிலோ ஒரு பையன் அதிகாலையில் ஆட்டம் பார்த்துவிட்டு ஸ்கோர் சொல்லாமல் முகம் வாடி நின்றால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன எடுத்தான் என்று கேளுங்கள். கணக்கு எழுதச் சொல்லி, கூட உட்கார்ந்து கூட்டுங்கள். பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள். மனசு தாங்காத நிலை என்றால் 14416 டெலிமனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆட மட்டும் ஆசை என்றால் அம்பத்தூர் பக்கம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள். பந்து நாங்கள் கொண்டுவருகிறோம்.